தோட்டாத் தேரும் நாலு துளையும்

பத்திர ஆபீஸ் தலைமை எழுத்தர் ஆவுடைநாயகம் ஒன்பது வருஷமாக ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தார். தன் வீட்டுக்குள் கிரைண்டர் வராது. மனுஷன் வேறு எதிலும் உறுதியானவர் இல்லை. டீயை விடப்போவதாக வருஷத்துக்கு நாலு தடவை சத்தியம் செய்வார். சத்தியம் செய்த களைப்புக்கு ஒரு டீ குடிப்பார். கிரைண்டர் பேச்சு வந்தால் மட்டும் அசைய மாட்டார்.

"கரண்டு பில்லு யாரு கட்டுவா? சத்தம் கேட்டுப் பேட்டையே கூடிரும். வைக்க இடம் எங்கன இருக்கு? மோட்டார் சூட்டுல மாவு செத்துப்போகும். கையால ஆட்டுன ருசி வருமா? ஆட்டி முடிச்சு அதைக் கழுவ வேற ஒரு ஆள் வேணும். ஆட்டுரல் இருக்கையில அது எதுக்குங்கேன்?"

ஆட்டுரலுக்கு என்ன, அது பாட்டுக்குக் கிடக்கும். ஆட்டுகிறவள் அவர் சம்சாரம் பாக்கியவதி. வாரத்துக்கு மூணு நாள் ஆட்டி ஆட்டி அவளுக்கு வலது தோள் விட்டுப்போயிருந்தது. தலை வாரக் கையைத் தூக்கினால் கண்ணில் தண்ணி வந்துவிடும். "ஒரே ஒரு நாள் நீங்க ஆட்டிப் பாருங்க" என்று ஒரு தடவை கேட்டாள். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை. கட்டினவள் கேட்பதை நிறுத்திவிட்டால் புருஷன்காரன் பயப்பட வேண்டும். இவர் சந்தோஷப்பட்டார்.

ஊரில் துப்பாக்கி சுடும் கழகம் ஒன்று இருந்தது. ஆவுடைநாயகம் அதில் உறுப்பினர். மூணு வருஷமாகச் சுடுகிறார். அட்டையில் ஒரு குண்டு பட்டதாக இதுவரை தகவல் இல்லை. ஆனால் சுட்டு முடிந்ததும் தரையில் கிடக்கும் காலித் தோட்டாக் கூடுகளைப் பொறுக்குவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. சுண்டுவிரலில் பாதி நீளம், அசல் பித்தளை. அதற்கும் செயலாளரிடம் மனுக் கொடுத்து, அனுமதி எழுதி வாங்கித்தான் பொறுக்கினார். "வாய்ச்சொல்லு காத்தோட போகும்வே. எழுதிக் கையெழுத்துப் போட்டா அது செல்லும்" என்பார்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆனித் தேரோட்டப் பொருட்காட்சியில் கழகத்துக்கு ஒரு கடை ஒதுக்கினார்கள். உறுப்பினர்கள் எதையாவது செய்து வைக்கலாம், நல்லதாக இருந்தால் பரிசு உண்டு என்று பங்குனியிலேயே அறிவிப்பு வந்தது. ஆவுடைநாயகத்துக்குப் பித்தம் தலைக்கேறிவிட்டது. தோட்டாக் கூடுகளை ஒட்டி ஒரு தேர் செய்ய வேண்டும். அதைச் சுற்றிக் குறுக்குத்துறை ஆற்றில் குளிக்கப்போகும்போது பொறுக்கிவந்த கூழாங்கல்லைப் பதிக்க வேண்டும். சுடத் தெரியாதவன் என்று சிரித்த அத்தனை பேரும் அந்தத் தேர் முன்னால் வாயைப் பிளக்க வேண்டும்.

கூடுகளோ புகை பிடித்துக் கறுத்துக் கிடந்தன. ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து தேய்த்தார். பதினோரு கூடு தேறியது. தேருக்கு ரெண்டாயிரம் வேண்டும். அப்போதுதான் நூலகத்தில் ஒரு புத்தகம் பார்த்தார். பீப்பாய்க்குள் பித்தளையைப் போட்டு, சோப்புத் தண்ணி ஊற்றி, மோட்டார் வைத்து உருட்டினால் தானே பளபளக்குமாம். கல்லைப் போட்டுச் சாணைப்பொடியோடு மூணு நாலு வாரம் உருட்டினால் கண்ணாடியாகிவிடுமாம்.

வீட்டுக்கு வந்து சொன்னார். பாக்கியவதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

"மோட்டாரா? அதெல்லாம் வேண்டாங்க. கரண்டு பில்லு யாரு கட்டுவா?"

"ஏட்டி, போ! அரைக் குதிரைச் சக்தி. அது என்ன கரண்டைக் குடிச்சிரப்போகுது? ஒரு குண்டு பல்பு எரிஞ்ச மாதிரி இருக்கும்."

"சத்தம் போடுமே. தெரு கூடிராதா?"

"உள்ளே ரப்பர் ஒட்டிட்டா சத்தமே வராது."

"வைக்க இடம் எங்கன இருக்கு?"

"அடுக்களை ஜன்னலுக்குக் கீழ அவ்வளவு இடம் சும்மா கிடக்கே. கண்ணு தெரியலியா உனக்கு?"

"மோட்டார் சூட்டுல பொருளு கெட்டுப்போகும்லா? கையால செஞ்ச மாதிரி வருமா?"

ஆவுடைநாயகத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "கை வேலை, கை வேலைன்னு கட்டிக்கிட்டு அழுதவனுக்கு அறிவே கிடையாதுட்டி! எந்தக் காலத்துல இருக்கே நீ? மிஷினு எதுக்கு வந்திருக்கு? மனுஷன் கை நோவக் கூடாதுன்னுதான் வந்திருக்கு!"

பாக்கியவதி ஒரு கீரைத்தண்டைக் கிள்ளினாள். கொஞ்சம் பலமாகவே கிள்ளினாள்.

"சரி. வேலை முடிஞ்சா யாரு கழுவுதது?"

"நான் கழுவுதேன். உன்னைய யாரு கேட்டா?"

"நல்லாத்தான் சொல்லுதீய. பொருட்காட்சிக்கு வாரவங்களும் என்னைய மாதிரித்தானே கேப்பாங்க? இதையெல்லாம் அட்டையில எழுதி வச்சிருங்க. எழுத்துல இருந்தாத்தானே மதிப்பு."

பெண்டாட்டிக்கு இவ்வளவு விவரம் வந்துவிட்டதே என்று பூரித்துப்போனார். அன்று ராத்திரியே பெரிய அட்டையில், பத்திரத்துக்கு எழுதுகிற முத்து முத்தான எழுத்தில், எல்லாவற்றையும் எழுதினார். கழுவுகிற சங்கதி எதற்கு என்று யோசித்தார். "அதை விட்டா பொய்யாயிரும்லா?" என்றாள். அதையும் எழுதினார்.

மிஷின் செய்ய அசன் மைதீனிடம் போனார். தொழிற்பேட்டை ஓரத்தில் பட்டறை வைத்திருக்கிறவர். வீட்டுச் சாமான் மிஷின் எதுவானாலும் அவர் கைபடாமல் பேட்டையில் ஓடாது. பத்தே நாளில் முடித்துவிட்டார். மோட்டார், பெல்ட், இரும்புத் தாங்கி, அதில் பக்கவாட்டில் சாய்ந்து சுழலும் பீப்பாய். ஆவுடைநாயகம் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பாய், தாங்கியில இந்த நாலு துளை எதுக்கு? இதுல ஒண்ணுமே மாட்டலியே."

அசன் மைதீன் தாடியைத் தடவினார். "காத்தோட்டத்துக்கு அண்ணாச்சி."

"பீப்பாயை நிமித்தவும் செய்யலாம் போலிருக்கே?"

"இருக்கட்டுமே அண்ணாச்சி. கழுவ வசதியா இருக்கும்லா."

கழுவுவது பாய்க்கு எப்படித் தெரியும் என்று ஆவுடைநாயகம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கையோடு கொண்டுபோயிருந்த அட்டையை நீட்டி, கீழே தான் ஒரு கையெழுத்துப் போட்டு, பாயைச் சாட்சிக் கையெழுத்தும் போடச் சொன்னார். ஆபீஸ் பழக்கம். பாய் மறுபேச்சில்லாமல் போட்டார்.

முதலில் தோட்டாக் கூடுகள். சோப்புத் தண்ணி போதாது என்று அரைக் கிலோ புளியைக் கரைத்து ஊற்றி, மிஷினைப் போட்டுவிட்டு ஆபீஸுக்குப் போனார். சாயங்காலம் வந்து திறந்தால் அத்தனை கூடும் செக்கச்செவேல் என்று செம்பு மாதிரிக் கிடந்தன. மனுஷன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"போச்சுட்டி! தேரு போச்சு!"

"புளியில நாள் முழுக்க ஊறப்போட்டா பித்தளை சிவக்காம என்ன செய்யும்? குத்துவிளக்கை அப்படியா விளக்குதேன்? பல்லு விளக்குத நேரம் போதும். எந்திரிங்க. கழுவிட்டு, உமியும் செங்கப்பொடியும் போட்டு உருட்டுங்க."

உருட்டினார். மறுநாள் பீப்பாயைச் சாய்த்தபோது தங்கமாகக் கொட்டியது. "நீ மட்டும் இல்லேன்னா நான் என்ன செய்வேன் பாக்கியம்" என்றார், மனசாரத்தான். அவள் சிரித்தாள். அதிலிருந்து மிஷினைப் போடவும் நிறுத்தவும் பெல்ட் நழுவினால் மாட்டவும் அவளே பழகிக்கொண்டாள். கல்லுக்கு நாலு வாரம் ராப்பகலாக ஓடியது. "தூக்கம் வருதா?" என்று கேட்டார். "தாலாட்டு மாதிரி இருக்குங்க" என்றாள்.

பொருட்காட்சியில் தோட்டாத் தேருக்கு இரண்டாம் பரிசு. கழகச் செயலாளர் மேடையிலேயே, "அண்ணாச்சி இனிமே சுடவே வேண்டாம், பொறுக்கினாப் போதும்" என்றார். அதையும் பாராட்டு என்றே ஆவுடைநாயகம் எடுத்துக்கொண்டார். கடைசி நாள் தேரையும் மிஷினையும் வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பரிசுக் கோப்பையோடு நண்பர்கள் வீட்டுக்கெல்லாம் போய்க் காட்டிவிட்டுத் தாமதமாக வந்து படுத்தார்.

காலையில் ஒரு சத்தம் எழுப்பியது. கல் உருள்கிற கடகடப்பு இல்லை. மெத்தென்று ஒரு சத்தம். எழுந்து அடுக்களைக்குப் போனார்.

ஜன்னலுக்குக் கீழே மிஷின் நின்றது. பீப்பாய் மூலையில் கிடந்தது. அது இருந்த இடத்தில் நிமிர்ந்து ஒரு எவர்சில்வர் சட்டி சுற்றியது. நடுவில் கறுப்புக் கல். கல்லைப் பிடிக்கிற கம்பிக்கும் அடிச்சட்டத்துக்கும் நாலே நாலு போல்ட், நாலும் அந்த நாலு துளையில். உளுந்து பொங்கிப் பொங்கி வந்துகொண்டிருந்தது.

"ஏட்டி! என்னது இது?"

"கிரைண்டரு."

"யாரு வாங்குனது?"

"யாரு வாங்குனா? நீங்கதானே செஞ்சீய. நேத்து பாய் வந்து சட்டியும் கல்லும் மட்டும்தான் மாட்டுனாரு. அதுக்கு நம்ம ஓட்டை அண்டாவை எடுத்துக்கிட்டாரு. அவரு வீட்டு அலிமா பீவியக்காவும் நானும் பங்குனியிலேயே ரேஷன் கடை வரிசையில பேசி முடிச்சாச்சு."

"கரண்டு பில்லு..." என்று ஆரம்பித்தார்.

அவள் மாவு விரலால் சுவரைக் காட்டினாள். அங்கே அவருடைய அட்டை தொங்கியது. 'இந்த மிஷினுக்கு ஆகும் மின்சாரம் மிகமிகக் குறைவு.'

"சத்தம்..." 'சத்தம் அறவே இல்லை.'

"மோட்டார் சூட்டுல..." 'சூட்டினால் பொருள் கெடாது. மனிதர் கை நோகாமல் இருக்கவே இம்மிஷின்.'

"அது பித்தளைக்கு எழுதுனதுட்டி!"

"எதுக்கு எழுதுனா என்ன? நீங்க சொன்னது, நீங்க எழுதுனது. கையெழுத்து இருக்கு. சாட்சி இருக்கு. தலைமை எழுத்தரு நீங்களே சொல்லுங்க, செல்லுமா செல்லாதா?"

ஆவுடைநாயகம் அட்டையை மேலிருந்து கீழே ரெண்டு தடவை படித்தார். ஒரு அடித்தல் திருத்தல் கூட இல்லை. "செல்லும்" என்றார், பூனை மாதிரி.

"ஒம்பது வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் தோளு நோவாம மாவு பாக்கேன்" என்றாள் பாக்கியவதி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். மாவு வெண்ணெயாகத் திரண்டிருந்தது.

"நல்லாத்தான் ஆட்டுது. சரி, ஆனது ஆச்சு. போயி வேற வேலையப் பாரு" என்று பெரிய மனசோடு நகரப்போனார்.

"கடைசி வரியைப் படிக்கலியே."

படித்தார். 'கழுவித் துடைத்து வைக்கும் பொறுப்பு முழுவதும் என்னையே சேர்ந்தது. இப்படிக்கு, ஆவுடைநாயகம்.'

பாக்கியவதி மிஷினை நிறுத்தி, மாவை வழித்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

"கல்லு கனம். பையத் தூக்குங்க, தோளு வலிக்கும்."