அத்தான் ஒரு அடி பின்வாங்கிய வரலாறு

அன்புள்ள அத்தான் பாலகிருஷ்ணன் அவர்களுக்கு,

இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்தது போதும். நீங்களும் அக்கா சந்திரமதியும் சுகமாக இருப்பீர்கள். எப்போதும் அப்படித்தான் இருக்கிறீர்கள். எனக்கு இங்கே இரத்த அழுத்தம் தவிர வேறு குறையில்லை.

உங்கள் மகள் ரக்ஷனாவின் நிச்சயதார்த்தத்தில் நடந்ததை நான் மறக்கவில்லை. தாய்மாமன் என்று நான் ஒருவன் உயிரோடு, வேட்டி கட்டிக்கொண்டு, மேடையிலிருந்து நாலடி தூரத்தில் நிற்கும்போது, மாமன் மாலையை உங்கள் ஆபீஸ் நண்பர் பிரபாகர் கையில் கொடுத்தீர்கள். "மச்சான், அவரு ஃபிளைட் பிடிக்கணும், கொஞ்சம் தள்ளிக்குங்க லா" என்றீர்கள். தள்ளிக்கொண்டேன். செங்காங் புதுவீட்டில் பால் காய்ச்சியபோதும் செருப்பு அலமாரிவரை தள்ளிக்கொண்டவன்தான். ஆகவே கல்யாணத்துக்கு வருவதில்லை என்று முடிவெடுத்து, அதைப் பெண்ணிடமே நேரில் சொல்லிவிட, ஆறு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வேலை செய்யும் குதிரைப் பயிற்சி நிலையத்துக்குப் போனேன்.

அங்கேதான் டர்போவைப் பார்த்தேன். மூன்று வயதுப் பொலிகுதிரை. பெண்குதிரை வாசம் பட்டால் உலகத்தை மறந்துவிடும், மனிதர்களை மரம் என்று நினைத்து இடிக்கும், பல்லுக்கு எட்டியதெல்லாம் தனக்கே சொந்தம் என்று எண்ணும். அதற்கு மரியாதை கற்றுக்கொடுப்பதுதான் உங்கள் மகளின் உத்தியோகம். நான் தேக்கா மார்க்கெட்டில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிப் போயிருந்தேன். (வெறுங்கையோடு போகும் வழக்கம் நம் குடும்பத்தில் என் பக்கம் கிடையாது.) டர்போ பழத்தைத் தின்றது, பிறகு பையைத் தின்றது, பிறகு என் சட்டைப்பையைத் தேடி வந்தது. நான் ஒரு அடி பின்னால் போனேன், அது ஒரு அடி முன்னால் வந்தது, நான் இன்னொரு அடி போனேன், அதுவும் இன்னொரு அடி வந்தது, இப்படியே போய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்தேன். "ஒண்ணு போடும்மா அதுக்கு!" என்று ரக்ஷனாவைப் பார்த்துக் கத்தினேன்.

"சாரி மாமா, மிஸ்டேக் உங்களோடது" என்றாள், கைகூடக் கொடுக்காமல். "நீங்க பின்னால போகப் போக, இந்த இடம் தன்னோடதுன்னு அவன் முடிவு பண்ணிட்டான். அடிச்சா பயப்படுவான், கத்துக்க மாட்டான். நகராம நில்லுங்க. அவன் கயித்தப் பிடிச்சு லேசா ஆட்டுங்க. அவன் ஒரு ஸ்டெப் பின்னால வச்சதும் டக்குனு லூஸ் விடுங்க. அவ்ளோதான். பேஷன்ஸ் வேணும் மாமா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முப்பது வருடமாக உங்கள் முன்னால் நான் செய்துவந்த தவறு என்னவென்று ஐம்பத்து நாலு வயதில், தொட்டித் தண்ணீரில் உட்கார்ந்தபடி, தெரிந்துகொண்டேன்.

சொல்ல வந்ததைச் சொல்லாமல் ஆறு ஞாயிறும் போனேன். முதல் நாள் நாற்பது நிமிடம் நின்றதற்கு டர்போ நகர்ந்தது அரை அடி. நான்காம் வாரம் என்னைக் கண்டால் கையெட்டும் தூரத்தில் நின்று, தலையைத் தாழ்த்தி, உதட்டை நக்கி மென்றது. யோசித்துப் புரிந்துகொண்டால் குதிரை அப்படிச் செய்யுமாம்.

இனிச் சொல்லப்போவது உங்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும். நானே இன்னும் தெளியவில்லை. போன வாரம் தேக்கா மார்க்கெட்டில் மீன் கடை முன்னால் சந்தித்தோமே? வழக்கம்போல வயிறு முன்னால் வர, பின்னால் நீங்கள் வந்தீர்கள். "மச்சான், ஈரமா இருக்கு, கொஞ்சம் தள்ளிக்குங்க." நான் தள்ளவில்லை. கையிலிருந்த முருங்கைக்காயை இடுப்பளவில் லேசாக ஆட்டினேன். மீன்காரர் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். முழுசாக ஒரு நிமிடம். அத்தான், நீங்கள் பின்வாங்கினீர்கள்! சுத்தமாக ஒரு அடி! உடனே முருங்கைக்காயைத் தொங்கவிட்டேன். உதட்டை நக்கினீர்கள். "மச்சான், அடுத்த வெள்ளிக்கிழமை கல்யாணம், காலையில ஏழு மணிக்கு கேலாங் சிவன் கோயிலுக்கு வந்துடுங்க. மாமன் மாலை நீங்கதான் போடணும்" என்றீர்கள். நான் உங்கள் கழுத்தில் தட்டிக்கொடுத்தேன். பாசத்தில் தட்டினேன் என்று நினைத்திருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். பாடம் முடிந்ததும் தட்டிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆக, உங்களைப் பழக்கியாயிற்று. ஆனால் பழக்கி வாங்கிய மரியாதை எனக்கு வேண்டாம். தானாக வந்திருக்க வேண்டும். எனவே கல்யாணத்துக்கு வரமாட்டேன். மாலையைப் பிரபாகரிடமே கொடுங்கள். ஃபிளைட் இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மணமக்களுக்கு என் மனமார்ந்த ஆசிகள். அக்காவுக்கு வணக்கம். உங்களுக்கும், வேறு வழியில்லாமல்.

பி.கு: உறையை ஒட்டுமுன், வரமாட்டேன் என்று ரக்ஷனாவுக்குப் போன் செய்தேன். அவள் சிரித்த சிரிப்பில் காது அடைத்துவிட்டது. "மாமா, ஞாயித்துக்கிழமை உங்க கிளாஸ், சனிக்கிழமை அப்பாவோடது! முரண்டு பிடிச்சு நிக்கிறவன்கிட்ட மோதாதீங்க, நீங்களே ஒரு அடி விட்டுக்குடுங்க, தானா வழிக்கு வருவான்னு அப்பாவுக்குச் சொல்லிக்குடுத்திருந்தேன். அன்னைக்கு மார்க்கெட்லேருந்தே போன் பண்ணி, 'உன் மாமன் சரின்னு தலையாட்டிட்டான்மா, கழுத்தக்கூட தடவிக்குடுத்தான்'னு ஒரே கத்தல்!" தலையை ஆட்டினேனா? ஆட்டியிருக்கிறேன். பிறகு சிரிப்பை நிறுத்திச் சொன்னாள்: "வேற யாரு மாலையோட வந்தாலும் நான் குனிய மாட்டேன் மாமா."

ஆறு பக்கம் எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. அதனால் கையெழுத்துப் போடாமல் தபாலில் சேர்க்கிறேன். இதை எழுதியது யார் என்று வெள்ளிக்கிழமை நீங்கள் கேட்டால், மாலையும் கையுமாக நிற்கிற எனக்கு எப்படித் தெரியும்?