வேப்பமரத்தடியில் பிடிபட்ட சம்பந்தி

விருத்தாசலம்
13-5-74

எனக்குச் சம்பந்தி ஆகப்போகிறவரும், என் போதாத காலத்தால் ஆகாமல் போய்விடக்கூடியவருமான ஸ்ரீமுஷ்ணம் திரு. சக்கரபாணி அவர்களுக்கு, பீங்கான் பட்டறை தனக்கோடி இரு கை கூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், மனைவி சொர்ணாம்பாள், மகள் மலர்க்கொடி மூவரும் சுகம். அவ்விடம் தங்கள் சுகத்துக்கும், தலையில் முடி முளைத்த விவரத்துக்கும் இரண்டு வரி எழுதினால் தெம்பாக இருக்கும்.

நேற்று பெண் பார்க்க வந்த தாங்கள் வாசலில் தலைத்துண்டை அவிழ்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. அந்த மொட்டைத் தலையை முந்தின நாள்தான் பார்த்திருந்தேன், வீடு வாசல் இல்லாதவர்கள் தங்கும் டவுன் பஞ்சாயத்துக் கொட்டகையில். தாங்களோ கேசரியைக்கூடத் தொடாமல் "லெட்டர் போடுறோம்" என்று எழுந்துவிட்டீர்கள். தங்கள் வீட்டு அம்மாதான் அடுப்பங்கரையில் தலையில் அடித்துக்கொண்டு சொர்ணாம்பாளிடம் சொன்னார்களாம்: "குடும்பம் எப்படின்னு யாருக்கும் தெரியாம விசாரிச்சிட்டு வரேன்னு கிழிஞ்ச வேட்டியோட போனாரு, மொட்டையோட வந்தாருங்க."

பெண் எடுக்கும் முன் விசாரிப்பது முறைதான். நானே என் தங்கைக்காக நல்லூரில் மாட்டு வியாபாரி போலத் திரிந்தவன். ஆனால் தாங்கள் வந்து உட்கார்ந்தது பஸ் ஸ்டாண்டு வேப்பமரத்தடி. இந்தக் கோடையில் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகள் பத்து நாள் முகாம் போட்டு, தெருவில் படுத்திருப்பவர்களை எல்லாம் பஞ்சாயத்துக்காக எழுதியெடுத்து, மொட்டை அடித்து, குளிக்க வைத்து, சோறு போட்டு, கொட்டகையில் சேர்க்கிறார்கள். "ஐயா, எந்த ஊருங்க, வூடு எங்க இருக்குது?" என்று கேட்ட பெண்ணிடம், குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயந்து "ஊரும் கெடையாது, வூடும் கெடையாது" என்றீர்களாமே! அப்புறம் விடுவார்களா? அன்று இருபது தலையை முடித்த வேகத்தில் நாவிதர் பக்கிரி தங்களையும் முடித்துவிட்டார். கேட்ட பெண் வேறு யாருமில்லை, நேற்று காபித் தட்டோடு வந்து நின்றவள்தான்.

அத்தோடு போயிற்றா? காது உடைந்த பீங்கான் கோப்பைகளைக் கொட்டகைக்குத் தானம் கொடுக்க வந்த இந்தப் பாவி, தங்கள் கையிலும் ஒன்றைத் திணித்து, "ஒடம்பு நல்லாத்தான இருக்குது? ஒழைச்சு சாப்புட்டா என்னா? நாளைக்கு என் பட்டறைக்கு வா, மண்ணு கலக்கலாம்" என்று அரை மணி நேரம் புத்தி சொன்னேன். முப்பது ஏக்கர்காரரை, ஒருமையில்! பக்கத்தில் இருந்த பாஞ்சாலை என்ற அம்மாள், "வூடு இல்லன்னா மருவாதியும் இல்லியாங்க?" என்று கேட்டார். அப்போது உறைக்கவில்லை, இப்போது உறைக்கிறது. நாளை அந்த அம்மாளிடமும் மன்னிப்புக் கேட்கப் போகிறேன்.

தங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், குற்றம் முழுக்க என் வாயுடையது. மலர்க்கொடி பச்சைக் குழந்தை, ஒன்றும் அறியாமல் தங்களையும் அந்தக் கணக்கில் எழுதிவிட்டாள். இந்தச் சம்பந்தம் முறிந்தால் எனக்குச் சோறு இறங்காது. ஒரே பெண். பூவராகப் பெருமாள் தங்களுக்குப் பொறுமையையும் முடியையும் விரைவில் அருள்வாராக.

தங்கள் அன்பையே நம்பியிருக்கும்,
தனக்கோடி

பி.கு.: உறையை ஒட்டும் முன் மலர்க்கொடி வாங்கிப் படித்துவிட்டாள். "ஒண்ணும் அறியாமன்னு யாருப்பா சொன்னது? தரகர் குடுத்த போட்டோவுல மாப்பிள்ளை பக்கத்துல நிக்கிறது இந்த மாமாதான? மரத்தடியிலயே தெரிஞ்சிடுச்சு. மொட்டையத்தான் நான் எதிர்பாக்கல, பக்கிரி அண்ணன் முந்திக்கிட்டாரு. அவங்க மட்டுந்தான் விசாரிக்கணுமா? நானும் விசாரிச்சேன். சாப்பிட்ட தட்ட அவரே கழுவுனாரு. பாஞ்சாலை அம்மாவுக்கு முட்டி வலின்னதும் தன் பாயக் குடுத்துட்டு வெறுந்தரையில உக்காந்தாரு. நீங்க அவ்வளவு பேசியும் ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. அந்த வூட்டுக்குப் போறேன்னு எழுதுங்க" என்கிறாள். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பை எல்லாம் ரத்து செய்துகொள்ளவும். எங்களுக்குத் தங்களைப் பிடித்திருக்கிறது.