ஓட்வார் எடைக்கு ஒரு பட்டம்

ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதன் செய்கிற சபதங்களில் பாதி முழங்காலைப் பற்றியதாக இருக்கும், மீதி வயிற்றைப் பற்றியதாக இருக்கும். ஓட்வாரின் சபதம் வானத்தைப் பற்றியது. ஒரு பெரிய இழுவைப் பட்டம் வாங்குவது. காலில் பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு, உறைந்த உஸ்தெ ஏரியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் காற்று இழுக்க இழுக்கப் போவது. கோடை வந்ததும் அதே பட்டத்தைக் கடலுக்குக் கொண்டுபோய் அலைமேல் பலகையில் நிற்பது. கல்லூரியில் கிடைக்காத பட்டத்தைக் கடையிலாவது வாங்கிவிடுவது என்று தீர்மானித்துவிட்டான்.

இத்தனைக்கும் காரணம் ஸ்டைனார். ஊரில் ஓட்வாருக்கு அடுத்த வீடு. விடுமுறைக்குப் போகும் மலையிலும் அடுத்த மரவீடு. போன ஈஸ்டரில் எல்லோரும் வெயில் படும் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது, ஸ்டைனார் பன்னிரண்டு சதுர மீட்டர் சிவப்புப் பட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஏரியைக் கிழித்தபடி போனான். ஓட்வாரின் மனைவி யோருன், உரித்த சுளையை வாய்க்குக் கொண்டுபோக மறந்து, "அடடா" என்றாள். இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் ஓட்வாருக்கு அந்த "அடடா" கிடைத்ததில்லை. "அட"தான் கிடைத்திருக்கிறது. அதுவும் எதையாவது உடைத்தால்.

அந்த "அடடா" அவனை ஒரு வருடம் தூங்கவிடவில்லை.

ஜனவரியில் விஷயத்தை மெல்ல எடுத்தான். யோருன் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவிக்கொண்டே கேட்டாள். சீவி முடித்துச் சொன்னாள்.

"வாங்கிக்கோ. ஆனா ஈஸ்டருக்கு முன்னாடி எண்பத்தஞ்சு கிலோவுக்கு வந்திரு."

"எண்பத்தஞ்சா? என் பத்தொன்பது வயசுல கூட..."

"உன் வலிக்கிற முழங்காலோட நூத்துச் சொச்சம் கிலோவக் காத்து தூக்கிட்டுப் போகும். இறக்கி வைக்கிறது யாரு, நானா?"

ஒப்பந்தம் ஆயிற்று. வாராவாரம் சனிக்கிழமை காலை, குளியலறைத் தராசில் ஓட்வார் ஏறுவது, யோருன் பார்ப்பது. பழைய முள் தராசு. முதல் சனிக்கிழமை முள் நூற்று நான்கில் நின்று கொஞ்சம் நடுங்கியது. தராசுக்கே பயம் போல.

ஓட்வார் உண்மையாகவே முயன்றான், அதை மறைக்கக் கூடாது. இருட்டின பிறகு ஓட்ட உடுப்பு மாட்டிக்கொண்டு கிளம்பினான். முதல் நாள் தெருமுனை வரை ஓடினான். இரண்டாம் நாள் தெருமுனை வரை நடந்தான். மூன்றாம் நாள் ஸ்டைனார் வீட்டுக் கார்க்கொட்டகையில் விளக்கு எரிவதைப் பார்த்தான். உள்ளே வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குமேல் ஓட்டம் அந்தக் கொட்டகை வரைதான். திரும்பும்போது முகத்தில் பனியைத் தேய்த்து வியர்வை போல வழியவிட்டுக்கொள்வான். இப்படி ஓடி ஓடி ஒன்றரை கிலோ கூடியது.

அப்போதுதான் தராசின் அடியில் இருந்த சின்னத் திருகு கண்ணில் பட்டது. முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதற்கென்று வைத்தது. அதைக் கொஞ்சம் அதிகமாகத் திருகினால், முள் பூஜ்யத்துக்குக் கீழேயே ஒதுங்கி நிற்கும். யோருன் வருவதற்குள் ஏறி நின்றுவிட்டால் போதும். அடுத்த சனிக்கிழமை நூற்று ஒன்று. அதற்கடுத்து தொண்ணூற்றெட்டு. ஓட்வார் இளைக்கவில்லை, தராசு இளைத்தது.

யோருன் குனிந்து பார்ப்பாள். நிமிர்ந்து அவன் வயிற்றைப் பார்ப்பாள். மறுபடி குனிந்து பார்ப்பாள். "நல்லது" என்பாள், அவ்வளவுதான். ஒருமுறை, கால்சட்டை மட்டும் ஏன் இன்னும் இறுக்கமாக இருக்கிறது என்று கேட்டாள். துணி சுருங்கிவிட்டது என்றான். அதற்கும் "நல்லது" என்றாள். அந்த "நல்லது"க்குள் ஏதோ காத்துக்கொண்டிருப்பது போல அவனுக்குச் சில இரவுகள் தோன்றியது. புரண்டு படுத்தால் அதுவும் போய்விடும்.

பிப்ரவரியில் இரண்டு வார இறுதிகளில் அவள் கெய்லோவிலிருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாள். ஓட்வார் அந்த நான்கு நாளும் தடையில்லாமல் சாப்பிட்டான்.

ஈஸ்டர் விடுமுறைக்கு முந்தின சனிக்கிழமை தராசு எண்பத்தைந்து காட்டியது. மலைக்குப் போகிற வழியில் கெய்லோவில் கடை. தனியாகப் போய் வாங்கிவிடலாம் என்றுதான் திட்டம். பன்னிரண்டு, முடிந்தால் பதினைந்து. யோருனைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்கினான். அவளும் இறங்கினாள்.

கடையில் இருந்தவள் முன்பல்லில் சின்ன இடைவெளி உள்ள, பொறுமையான பெண். பனிக்கும் தண்ணீருக்கும் ஒரே பட்டமா என்று கேட்டாள். ஆமாம் என்றான். அப்படியானால் காற்றடித்து உப்ப வைக்கிற குழாய்ப் பட்டம் வேண்டாம், அது தண்ணீருக்குத்தான் சுகம். உள்ளே போன காற்றை வெளியே விடாத, வாய் மூடின துணிப்பட்டம் எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீரில் விழுந்தாலும் நனைந்து மூழ்காது, மடித்தால் முதுகுப்பையில் அடங்கும் என்றாள். முதல் பட்டம் வாங்குகிறவர்கள் எல்லோரும் பெரியதாகக் கேட்பார்கள், பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து விற்றுத்தரச் சொல்வார்கள் என்று சிரித்தாள். ஓட்வாரும் சிரித்தான். அவன் மனதில் சிவப்பாகப் பன்னிரண்டு மீட்டர் விரிந்து கிடந்தது.

"உங்க எடை எவ்வளவு?" என்றாள் அந்தப் பெண்.

ஓட்வார் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான். "எடைக்கும் இதுக்கும் என்ன?"

"எடைய வச்சுத்தாங்க அளவே. உங்களுக்குச் சரியா இழுக்கணும்ல?"

யோருன் கையுறையைக் கழற்றினாள். ஒவ்வொரு விரலாக, அவசரமில்லாமல். "சொல்லு ஓட்வார். கஷ்டப்பட்டுக் குறைச்சது. சொல்றதுக்கு என்ன வெக்கம்?"

"எண்பத்தஞ்சு" என்றான்.

கடைக்காரப் பெண் அவனைப் பார்த்தாள். மலைநாட்டு மரியாதை, ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள். "நிச்சயமா?"

"கனமான உடுப்பெல்லாம் சேர்த்தா கொஞ்சம் கூட வரும்" என்றான் ஓட்வார். "தவிர, ஈஸ்டர்ல சாப்பாடு... ஒரு இருபது கிலோ கூட்டிப் போட்டுக்கிட்டாக்கூட..."

"மறுபடி ஏற நான் விடமாட்டேன்" என்றாள் யோருன். "எண்பத்தஞ்சுதான். முதல் தடவை பழகறவர். எது சரியா இருக்கும்?"

"அப்போ பனிக்கு எட்டு மீட்டர் தாராளம்" என்றாள் அந்தப் பெண்.

எட்டு மீட்டர் நீலப்பட்டம் பைக்குள் போனது. ஓட்வார் வாயைத் திறந்தான். நான்கு வார்த்தை போதும்: நான் நூற்று ஐந்தரை கிலோ. யோருன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, வாசல் கதவைப் பிடித்தபடி, கொஞ்ச நேரம் நின்றாள். ஓட்வார் வாயை மூடிக்கொண்டான்.

மறுநாள் வெயில். மிதமான காற்று. மேல்பனி இளகி, சர்க்கரைப்பாகு போலக் கட்டையில் ஒட்டியது. ஏரிக்கரையில் மரவீட்டுச் சுவரோரம் ஸ்டைனார் உட்பட எல்லோரும் ஆரஞ்சோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யோருன் பட்டத்தின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துவிட்டாள். பட்டம் அழகாக எழுந்தது. ஓட்வாரின் இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுத்தது. ஓட்வார் நின்றான். மறுபடி இழுத்தது. ஓட்வார் மறுபடி நின்றான். வேலைக்குப் போக மாட்டேன் என்கிற பெரிய அண்ணனை எழுப்பப் பார்க்கும் குழந்தை போல அந்தப் பட்டம் சலிக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தது. அரை மணியில் அவன் போனது ஒரு கார் நீளம். அதிலும் பாதி அவனே நடந்தது.

"நங்கூரம் போட்டிருக்கியாப்பா?" என்று கரையிலிருந்து கேட்டான் ஸ்டைனார்.

யோருன் வந்து இடுப்புப் பட்டையை வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஓட்வார் தடுக்க நினைத்தான். சொல்லித்தர வேண்டுமே என்று ஆரம்பித்தான். அதற்குள் அவள் ஆபத்தில் பட்டத்தைக் கழற்றிவிடும் கொக்கியை ஒரு தரம் இழுத்துச் சோதித்து, கயிறுகளை விரலால் ஓட்டிப் பார்த்து, காற்றுக்குப் பக்கவாட்டில் திரும்பி நின்றாள். இரண்டு வார இறுதியும் தங்கை வீட்டில் தேநீர் மட்டும் குடிக்கவில்லை என்பது அவனுக்கு அப்போது புரிந்தது. "பிடி" என்றாள். பிடித்தான். "விடு" என்றாள். விட்டான்.

அவளுடைய அறுபது கிலோவுக்கு அந்தப் பட்டம் அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. அவள் ஏரியின் குறுக்கே போனாள். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு போனாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று ஓட்வாருக்குத் தெரியவில்லை. பனியில் முழங்கால் வரை புதைந்து நின்று, எதிர்க்கரையில் நீலம் ஒரு நகம் அளவுக்குச் சுருங்குவதைப் பார்த்தான். பொறாமை வரும் என்று காத்திருந்தான். வந்தது வேறு ஏதோ. கூடப் போயிருக்கலாம் என்றிருந்தது.

திரும்பி வந்தவளின் கன்னம் சிவந்திருந்தது.

"யோருன், அந்தத் தராசு... நான்தான் திருகினேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நானும் அதுலதானே ஏறிப் பாக்குறேன். போன மாசம் என் எடை நாப்பத்தொண்ணு. சடங்கு வயசுல கூட நான் அப்படி இருந்ததில்ல."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். கடை வாசல் வரைக்கும் காத்திருந்தேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கடைப் பின்கட்டுல உனக்குன்னு ஒரு பன்னிரண்டு மீட்டர் சொல்லி வச்சிருந்தேன். உன் நிஜ எடையத்தான் கொடுத்திருந்தேன். நீ வாயைத் திறந்திருந்தா, ரெண்டையும் வாங்கிட்டு வந்திருப்போம்."

ஓட்வார் கெய்லோ இருக்கிற திசையைப் பார்த்தான். ஈஸ்டர் விடுமுறை முடியும் வரை கடை திறக்காது. அதற்குள் பனி உருகிவிடும்.

"கோடையில கடலுக்காவது..." என்றான்.

"கடலுக்கு இன்னும் பெருசு வேணுமாம் உனக்கு. எனக்கு இதுவே போதும்னு கடைல சொன்னாங்க" என்றாள் யோருன். "காத்து நல்லா இருக்கு, பேசிட்டு நிக்காத. ஓரத்தைப் பிடி."