மென்பொருள் வேண்டாம், நூல்கண்டு போதும்

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

உங்கள் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நானும், உங்கள் தம்பி மனைவியும், நம் வாடகை வேஷக் கடையிலுள்ள மூவாயிரத்துச் சொச்சம் உடுப்புகளும் நலமாக இருக்கிறோம். கரடி வேஷத்துக்கு மட்டும் இடது காதில் லேசாகத் தையல் பிரிந்திருக்கிறது, கவலைப்படும்படி இல்லை. அங்கே உங்கள் முழங்கால் வலியும் அத்தானின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் போனில் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "கேட்ட துணியை ஒரு நிமிஷத்துல எடுத்துக் குடுக்க முடியலேன்னா கடை எதுக்குடா? மாசக் கடைசிக்குள்ள ஒரு வழி பண்ணு, இல்லேன்னா மூடிடலாம்" என்றீர்கள். கடை உங்கள் பெயரில் இருக்கிறது, சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறுநாளே ஒரு மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டேன். முப்பது நாள் சும்மா பயன்படுத்திப் பார்த்துவிட்டுப் பிறகு வாங்கினால் போதும். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டாம். திரையில் கட்டம் வரைந்து, கட்டத்துக்குக் கட்டம் கோடு இழுத்தால், எந்தத் துணி எங்கே என்று சொல்லும் தரவுத்தளத்தை அதுவே கட்டிக்கொள்ளுமாம். கெடு முடிய இன்னும் எட்டு நாள் இருக்கிறது. வாங்கலாமா, வேண்டாமா என்று ஆராய்ந்து நான் எழுதும் அறிக்கை இது.

முதல் நாள் 'உடுப்பு' என்று ஒரு கட்டமும் 'அலமாரி' என்று ஒரு கட்டமும் போட்டு, நடுவில் கோடு இழுத்தேன். அக்கா, கட்டத்தைப் பிடித்து நகர்த்தினால் கோடும் கூடவே வருகிறது! எவ்வளவு தூரம் இழுத்தாலும் அறுவதில்லை. மெதுவாக நீள்கிறது, மெதுவாக வளைகிறது, மறுபடி நீள்கிறது. நிமிர்ந்து பார்த்தால் ஜன்னல் வெயில் எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது. ரெண்டாம் நாள் கட்டங்களுக்கு நிறம் பார்த்தேன். நீலத்துலயே நாற்பது நீலம் இருக்கு, எதை எடுக்க, எதை விட? அதுலயே நாலு நாள் போச்சு. அப்புறம் 'வாடகைக்காரர்', 'காலம்', 'மனநிலை' என்று கட்டங்கள் பெருகின. ராஜா அங்கிக்கு ஒரு மனநிலை இருக்காதா என்ன? உங்க தம்பி மனைவி பின்னால வந்து நின்னு, "உள்ளே ஒரு துணியாவது ஏத்தினீங்களா?"ன்னு கேட்டா. "அஸ்திவாரம் போடறப்பவே யாராவது நாற்காலியைத் தூக்கிட்டு வருவாங்களா?"ன்னு கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

பத்தாம் நாள் மென்பொருள் கம்பெனிக்குப் போன் போட்டு, நான் வரைந்த கட்டப் படம் திரையில் அடங்கவில்லை என்றேன். எடுத்த பெண், "படம் உங்க கடை மாதிரியே இருக்கணும் சார், அப்பத்தான் சரியா வேலை செய்யும்" என்றாள். எனக்குப் பொறி தட்டியது. படம்தான் அவ்வளவு அழகா வந்திருக்கே, அதைப் போய்க் கெடுப்பானேன்? கடையையே படம் மாதிரி மாத்திட்டா? அலமாரிகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, படத்தில் இருந்த இடத்தில் நிறுத்தினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. கோடுகளுக்குப் பதில் தலைக்கு ஒரு சாண் மேலே நூல் கட்டினேன். சிப்பாய்க் கோட்டிலிருந்து பூட்சுக்குச் சிவப்பு நூல், பூட்சிலிருந்து மீசை டப்பாவுக்கு மஞ்சள் நூல், தேவதை இறக்கையிலிருந்து எங்கெங்கேயோ நாற்பது நீல நூல். மறுநாள் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தர் வந்து, வேர்க்குதுன்னு ஃபேனைப் போட்டுட்டாங்க. ஃபேன்ல நூல் சுத்தி, மீசை டப்பா மேலே கிளம்பி, அவங்க மேலே முப்பது மீசை மெல்ல மெல்ல இறங்குச்சு. திட்டவே இல்லை அக்கா, அண்ணாந்து பார்த்துக்கிட்டே நின்னாங்க. அதிலிருந்து ஃபேன் கிடையாது.

இப்போது கடைக்குள் வருகிற யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. நூலைப் பார்த்தபடி மெதுவாக நடக்கிறார்கள். காற்றடித்தால் அங்கிகள் எல்லாம் சேர்ந்தாற்போல் ஒருமுறை அசைந்து அடங்குகின்றன. முகமூடி கேட்டு வந்த ஒருவர் ஒரு மணி நேரம் நடந்து, இறக்கையோடு திரும்பிப் போனார், சந்தோஷமாகத்தான் போனார்.

நேற்று சாயங்காலம் நாலு மணிக்கு நாடகக் குழு மேலாளர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "பன்னெண்டு சிப்பாய்க் கோட்டு வேணும், அஞ்சு மணிக்கு மேடை ஏறணும்!" நான் சிவப்பு நூலைப் பிடித்துக்கொண்டு போனேன், பூட்சில் போய் நின்றேன். பயத்தில் திசை குழம்பிவிட்டது, அவ்வளவுதான். உங்க தம்பி மனைவி கம்ப்யூட்டரில் மணி பார்த்துவிட்டு நேரே நடந்தாள். நாற்பது வினாடியில் பன்னிரண்டு கோட்டும் மேஜை மேல். நூல் மட்டும் இல்லேன்னா நடக்குமா இது?

ஆகவே மென்பொருள் வேண்டாம், நூல்கண்டு போதும். தயவுசெய்து கடையை மூட வேண்டாம், அக்கா. காலையில் எழுந்தால் வேறு எங்கே போவேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நூறாண்டு வாழ என் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
தம்பி

பின்குறிப்பு: அண்ணி, இது நான். அவர் ஸ்டாம்ப் வாங்கப் போயிருக்கார், அதுக்குள்ள ஒரு துண்டுக் காகிதத்துல எழுதி உள்ளே வைக்கறேன். நூலும் இல்லை, மண்ணும் இல்லை. மத்தியானம் அவர் கண் அசர்ற நேரத்துல உட்கார்ந்து, மூவாயிரம் துணியையும் நான்தான் அந்த மென்பொருள்ல ஏத்தினேன். அவர் அலமாரியைத் தள்ளிட்டே இருந்தார், நானும் இடத்தை மாத்தி மாத்தி எழுதிட்டே இருந்தேன். நேத்து நான் பார்த்தது மணி இல்லை, கோட்டு எந்த அலமாரியில இருக்குன்னு. ஆனா ஒண்ணு ஒத்துக்கணும் அண்ணி, அவர் போட்ட கட்டமெல்லாம் நிஜமாவே நல்லா இருக்கு. 'மனநிலை'யை மட்டும்தான் அழிச்சேன். கடையை மூடினா நான் எப்படியாவது சமாளிச்சுக்குவேன், இவரால முடியாது. ரெண்டு வருஷமா வாயே திறக்காத மனுஷன் இப்ப நூல் கட்டிக்கிட்டே பாடறார். படிச்சதும் இந்தத் துண்டைக் கிழிச்சுடுங்க. மென்பொருள் வாங்கச் சொல்லி எனக்குத் தனியா ஒரு வரி போடுங்க. நூல் வாங்கச் சொல்லி அவருக்கு ஒரு வரி போடுங்க.