ஐந்தாம் நிலை விளக்கு

தைரியசாலி என்று பெயர் வாங்குவது ரொம்பச் சுலபம். சம்பவம் நடக்கும்போது பக்கத்தில் ஆள் இல்லாமல் இருந்தால் போதும். மிச்சத்தை நாமே சொல்லிக்கொள்ளலாம்.

சாந்தன்பாறைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் பார்ப்பது என் வேலை. ஸ்டோர் என்றால் பச்சை ஏலக்காயை உலர்த்துகிற கட்டிடம். சூளையின் சூடு கூடாமல் குறையாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். தைரியம் தேவைப்படுகிற உத்தியோகம் இல்லை. ஆனால் ஸ்டோருக்குப் போகும் வழியில் யானை வரும். ஒரு மார்கழிக் காலையில் வளைவு திரும்பியதும் எதிரே ஒரு கொம்பன் தலையை ஆட்டிக்கொண்டு நின்றது.

எங்கள் மலையில் பேசப் பழகிய பிள்ளைக்கும் இரண்டு விஷயம் தெரியும். யானை துரத்தினால் மேலே இருப்பதைக் கழற்றி எறி, அது நின்று அதை மிதித்துக்கொண்டிருக்கும். பிறகு இறக்கத்தில் ஓடு, இறக்கத்தில் அதற்கு வேகம் வராது. நான் இரண்டையும் செய்தேன். சட்டையை எறிந்தேன், ஏலச்செடிகளுக்கு நடுவே உருண்டேன். (ஓடினேன் என்று எழுதத்தான் ஆசை.) டீக்கடையில் சொன்ன கதை வேறு. கண்ணுக்குக் கண் பார்த்து நின்றேன், அது தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டது என்றேன். சட்டை இல்லாமல் வீட்டுக்கு வந்ததை என் மனைவி செல்வமேரி மட்டும் பார்த்தாள். ரொம்ப வேர்த்துவிட்டது என்று சொல்லிவைத்தேன். சாந்தன்பாறையில், மார்கழியில்.

அந்தப் பெயரோடுதான் நான் பேய் விளையாட்டுக்குள் போனேன்.

என் மகள் ரீனா மதுரையில் நர்சிங் படித்தாள். ஹாஸ்டலில் இருந்து தினமும் கூப்பிடுவாள். நான் சாப்பிட்டாயா என்று கேட்பேன், அவள் சாப்பிட்டேன் என்பாள், பிறகு இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருப்போம். ஒரு விடுமுறைக்கு வந்தபோது என் போனில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். “இதுல பேசிக்கிட்டே வெளாடலாம்ப்பா. பேய் தொரத்தும்போது உங்களுக்கு நெறைய பேச வரும்” என்றாள். அது நடந்தது.

விளையாட்டு இதுதான். இடிந்த ஆஸ்பத்திரி ஒன்று. நாலு பேர் உள்ளே போக வேண்டும். வெள்ளை உடுப்பில் ஒரு நர்ஸ் பேய் வார்டு வார்டாகச் சுற்றிக்கொண்டிருக்கும். (ரீனா பயப்படவே மாட்டாள். எங்க வார்டு சிஸ்டர் இதைவிட மோசம் என்பாள்.) பேயிடம் மாட்டாமல் ஃபியூஸ்களைத் தேடிப் போட்டு, மேல்மாடியில் இருக்கும் கடைசிக் கதவைத் திறந்து தாண்ட வேண்டும். ஒருவர் தாண்டினாலும் நாலு பேரும் ஜெயித்ததாகக் கணக்கு. இந்த விதியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

நானும் ரீனாவும் போக மூன்றாவது ஆள் தாமஸ், என் மனைவியின் தம்பி. போடிமெட்டு வழியாகப் போடிக்கும் எங்கள் மலைக்கும் ஜீப் ஓட்டுகிறவன். செக்போஸ்ட் பக்கம் ஜீப்பை ஓரங்கட்டிவிட்டுத்தான் விளையாடுவான். நாலாவது ஆளை விளையாட்டே கொண்டுவந்து சேர்த்தது. பெருமாட்டியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் சாமியப்பன். முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான். முதல் நாளே என் பின்னால் பேய் வந்தபோது, “ஏனுங்க, தொந்தரவுக்கு மன்னிக்கோணும், உங்க பின்னால அந்தம்மா நிக்கறாங்க” என்றார். அவர் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் நான் செத்திருந்தேன். ஆனாலும் இவ்வளவு மரியாதையாக யாரும் என்னைச் சாகவிட்டதில்லை. அவரை விடக்கூடாது என்று முடிவு செய்தோம்.

அறைகளில் பழைய இரும்புத் துண்டுகள் கிடக்கும். பொறுக்கிக்கொண்டு போய்ப் பட்டறை மேசையில் கொடுத்தால் நம் சாமான்களை நிலை நிலையாக உயர்த்தித் தரும். பை, செருப்பு, மருந்துப் பெட்டி, விளக்கு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலை. ஆரம்பத்தில் நான் கிடைத்த இரும்பையெல்லாம் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன். பந்தியில் எல்லா இலைக்கும் ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டு போவது மாதிரி. எல்லாமே சுமாராக இருந்தது, நான் மட்டும் தினமும் சுத்தமாகச் செத்தேன்.

ரீனா ஒரு நாள் எல்லோரையும் நிறுத்திவைத்துப் பாடம் எடுத்தாள். முதலில் பை. பை பெரிதானால் ஒரு நடைக்குக் கூடுதல் இரும்பு வரும், போட்டதை அதுவே சம்பாதித்துத் தந்துவிடும். அடுத்தது செருப்பு, இரண்டாம் நிலையோடு சரி. காலடிச் சத்தம் அதிலேயே அடங்கிவிடும், அதற்கு மேல் போடுவது பகட்டு. மருந்துப் பெட்டியை நாலு பேரும் உயர்த்துவது வீண், ஒருவரிடம் நல்லது இருந்தால் போதும். விளக்குதான் ஏமாற்றுகிற சாமான். முதல் நிலையில் மங்கல், பேய் கண்ணில் நாம் பட மாட்டோம். இரண்டு, மூன்று, நாலில் வெளிச்சம் கூடும். நமக்குப் பேய் தெரியும், பேய்க்கும் நம்மைத் தெரியும், வேறு பிரயோசனம் கிடையாது. ஐந்தாம் நிலைக்கு வந்தால் மட்டும் வெளிச்சம் பட்ட இடத்தில் பேய் அசையாமல் நின்றுவிடும். அதனால் விளக்கைத் தொட்டால் ஐந்து வரை போக வேண்டும், இல்லையென்றால் தொடவே கூடாது.

எனக்கு இது உடனே பிடிபட்டது. ஏலக்காயும் அப்படித்தான். சூளையைப் பாதியில் அணைத்தால் நிறமும் போகும், பூஞ்சையும் பிடிக்கும். அதற்குப் பறிக்காமலே இருந்திருக்கலாம். அதைச் சொன்னேன். “கரெக்ட்ப்பா, அதேதான்” என்றாள் ரீனா. மகள் என்னிடம் கரெக்ட் என்று சொல்லி அப்போது பல வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்கு ஸ்டோரில் விசில் அடித்துக்கொண்டே வேலை பார்த்தேன்.

சாமியப்பனுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ஒரே மரத்துக்குத் தண்ணி விட்டால் மற்ற மரங்கள் என்ன பாவம் செய்தன என்பது அவர் வாதம். ரீனா பொறுமையாக விளக்கினாள். அவர் கேட்டுக்கொண்டு, பாப்பா சொன்னால் சரி என்று தன் இரும்பு முழுவதையும் எல்லோருக்கும் பொதுவான அந்த ஒரு விளக்குக்கே கொடுத்தார். அதன் பிறகு எல்லாமே முதல் நிலையில், வெறுங்காலோடு நடக்கிறவர் மாதிரித்தான் அந்த ஆஸ்பத்திரிக்குள் அவர் நடமாடினார். மாதக்கணக்காக நாலு பேரும் பொறுக்கியதெல்லாம் ஒரே விளக்குக்குள் போயிற்று.

விளையாட்டில் அந்த சீசன் முடிகிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாயங்காலம் ஆறு மணியோடு சேர்த்ததெல்லாம் அழிந்து, அடுத்த சீசனில் எல்லோரும் வெறுங்கையோடு ஆரம்பிக்க வேண்டும். ரீனாவுக்குத் திங்கட்கிழமை முதல் ஆஸ்பத்திரியில் டூட்டி. இனிமேல் போனைத் தொட நேரம் கிடைக்காது. அந்தக் கடைசிக் கதவு வரை பலமுறை போய்த் திரும்பியிருக்கிறாள். ஒரே ஒரு தடவை தாண்டிவிட்டு வேலைக்குப் போகணும்ப்பா என்று அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்களிடம் அவள் கேட்டது அது ஒன்றுதான்.

விளக்கை யார் பிடிப்பது என்ற பேச்சு வந்தது. ரீனா கதவு வேலை பார்க்க வேண்டும். தாமஸ் குரல் மேகம் இறங்கினால் அறுந்து அறுந்து வரும். சாமியப்பன் போனில் திரை விரிசல், பாதிப் பேய்தான் தெரியும். நான் தொண்டையைச் செருமினேன்.

பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த செல்வமேரி தலையைத் தூக்காமல் சொன்னாள்: “அவரு கையில குடுக்காதடி.”

“அப்பா யானையவே பாத்து நின்னவரும்மா” என்றாள் ரீனா, மதுரையில் இருந்து போனில்.

செல்வமேரி அடுத்த பூண்டை எடுத்தாள். பூண்டு உரிகிற சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்டது. ரீனா என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே விஷயம். விளக்கோடு செத்தால் பரவாயில்லை, இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம். கீழே போட்டுப் பேய் மிதித்துவிட்டால் நொறுங்கிவிடும், அதோடு சரி. “செத்தாலும் கைய விட்ராதீங்கப்பா. சும்மா செத்துருங்க.”

என்னிடம் யாரும் இவ்வளவு எளிமையான வேலை கொடுத்ததில்லை.

நன்றாகத்தான் போனது. முதல் வார்டில் பேய் வந்தது, வெளிச்சத்தை அடித்தேன், நின்றது. இரண்டாவது வார்டிலும் நின்றது. “பாத்தியா மாப்ள” என்று தாமஸிடம் சொல்லிக்கொண்டேன். ஃபியூஸ் எல்லாம் போட்டாயிற்று. படி ஏறினால் கதவு. ரீனா முன்னே, தாமஸ் நடுவில், நான் பின்னால். சாமியப்பன் எங்களுக்கு முன்பே மேலே போய்க் கதவருகில் நின்றுகொண்டிருந்தார்.

படி வளைகிற இடம். திரும்பினேன். கைக்கெட்டும் தூரத்தில் பேய். வெளிச்சம் அடிக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அது தலையை இரண்டு பக்கமும் ஆட்டியது. மெதுவாக, அந்தக் கொம்பன் ஆட்டியது மாதிரியே.

அதன் பிறகு நடந்ததில் என் மூளைக்குப் பங்கில்லை. விரல் தானாகப் போய் எறிகிற பொத்தானை அழுத்தியது. மாதக்கணக்கான இரும்பு பேயின் காலடியில் போய் விழுந்தது. வாய் தானாகத் திறந்தது. “எறக்கத்துல ஓடுங்க. எல்லாரும் எறக்கத்துல ஓடுங்க.”

தாமஸும் ரீனாவும் மலையில் பிறந்தவர்கள். இறக்கத்தில் ஓடு என்று பெரியவர் ஒருவர் கத்தினால், எதற்கு என்று கேட்பதற்கு முன்பே கால் போய்விடும். கதவுக்கு நாலு படி இருக்கும்போது திரும்பி, என்னோடு சேர்ந்து கீழே ஓடினார்கள். அந்த ஆஸ்பத்திரியில் ஆகக் கீழே இருப்பது சவக்கிடங்கு. பேய் குடியிருக்கும் இடமே அதுதான். பேய் விளக்கை ஒரு மிதி மிதித்துவிட்டுப் பின்னாலேயே வந்தது. இறக்கத்தில் அதற்கு எந்தச் சிரமமும் இல்லை. மூன்று பேரையும் வரிசையாக முடித்தது.

திரை கருத்த பிறகுதான் என்னைக் கவனித்தேன். நான் நின்றுகொண்டிருந்தேன். போன் கட்டிலில் கிடந்தது. என் சட்டை பூண்டுத் தோலுக்கு நடுவே கிடந்தது. எப்போது கழற்றினேன் என்று தெரியாது. விளக்கு போதாது என்று உடம்பு நினைத்திருக்கிறது. இரண்டு பித்தான்கள் இன்றுவரை அகப்படவில்லை.

செல்வமேரி சட்டையை எடுத்து உதறினாள். என்னைப் பார்த்தாள். “அன்னைக்கு மார்கழியிலயும் இப்பிடித்தானங்க வந்தீங்க?”

மைக் திறந்தே இருந்தது. மதுரை, போடிமெட்டு, பெருமாட்டி மூன்று இடத்திலும் கேட்டிருக்கிறது. என் வீரம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் போய்ச் சேர்ந்தது.

அப்போதுதான் ஒரு குரல் வந்தது. சாமியப்பன் உயிரோடு இருந்தார். “எங்கூர்ல ஏதுங்க எறக்கம்? வாய்க்காலும் வரப்புந்தான். எந்தப் பக்கம் ஓடறதுன்னு தெரியாம கதவுகிட்டயே நின்னுட்டேனுங்க.”

ரீனா துள்ளி எழுந்திருப்பாள், குரலில் தெரிந்தது. “அண்ணா, உள்ள போயிருங்கண்ணா. ஒருத்தர் தாண்டுனா போதும்.”

“பாப்பா மாசக்கணக்கா பாடுபட்டிருக்குது. பாப்பா இல்லாம நா முன்னால போறது நல்லாருக்குமுங்களா?”

“நல்லாருக்கும்ண்ணா, போங்க.”

“அப்பாவும் இல்லீங்களே. பெரியவங்க இருக்கறப்ப நானு முந்திக்கிட்டு...”

நான் செத்துவிட்டேன், என்னை விட்டுவிடுங்கள் என்று கத்தினேன். செத்தவர்களுக்காவது ஒரு நிமிஷம் நிற்க வேண்டாமா என்று அவர் யோசித்தார். தாமஸ் போடிமெட்டில் இருந்து என்னவோ சொன்னான், மேகத்தில் பாதி அறுந்தது. கேட்ட பாதி எழுதக்கூடியதில்லை. கடைசியில் ரீனா அழுகிற மாதிரிக் கெஞ்சியதும், சரிங்க பாப்பா, நீங்க இவ்வளவு சொல்றப்ப என்று அவர் கதவில் கை வைத்தார்.

“அந்தம்மா வந்துட்டாங்க பாப்பா. அப்ப நா வெச்சர்றேனுங்க.”

ஆறு மணி ஆனது. சீசன் முடிந்தது.

ரீனா எதுவும் திட்டவில்லை. நாளைக்கு டூட்டி இருக்கிறது, தூங்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டாள். வெளியே வெளிச்சம்கூடப் போகவில்லை. நான் சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்டோர் வரை போய், அணைந்து கிடந்த சூளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். டீக்கடையில் ஒரு பொய் சொன்னதற்கு, ஒரு பிள்ளையின் ஒரே ஆசையைப் பேய்க்குத் தூக்கிக் கொடுத்தேனே என்று இருந்தது. திரும்பி வந்தபோது செல்வமேரி போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து, சிரிக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் ரீனா. பித்தான் விஷயத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் போன் வந்ததும், “சாப்ட்டீங்களாப்பா” என்றாள். அதற்கு மேல் அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினோம்.

இப்போதும் அவளுக்கு விடுப்பு கிடைக்கிற நாளில் நாலு பேரும் உள்ளே போகிறோம். கதவை இன்னும் தாண்டவில்லை. சாமியப்பனுக்கு ஐந்தாம் நிலைச் செருப்பு வாங்கிக் கொடுத்தாயிற்று. பகட்டுத்தான், ரீனாவே சொன்னாள், ஆனாலும் அவருக்கு என்று வாங்கினாள். எனக்கு எல்லாம் முதல் நிலை. அது விளையாட்டோடு நிற்கவில்லை. வீட்டில் புதுப் போன் வந்தால் பழையது எனக்கு. புதுக் குடை வந்தால் கம்பி வளைந்தது எனக்கு. கேட்டால், அவருக்கு இது போதும், எப்படியும் எறியத்தானே போகிறார் என்கிறாள் செல்வமேரி.

போன மாதம் பார்வை மங்குகிறது என்று போடியில் கண்ணாடிக் கடைக்குப் போனோம். நல்ல ஃப்ரேம் ஒன்றைக் கையில் எடுத்தேன். செல்வமேரி வாயைத் திறப்பதற்குள், நான் அதற்கு முன் பார்த்தே இராத அந்தக் கடைக்காரர் என் முகத்தையும் அவள் முகத்தையும் பார்த்தார். தாமஸின் ஜீப் தினமும் அந்த ரோட்டில்தான் போய் வருகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கறுப்புக் கயிற்றை எடுத்து, ஃப்ரேமின் இரண்டு காதுகளிலும் மாட்டி, என் கழுத்தில் போட்டுவிட்டார்.

“இது கெடக்கட்டும் அண்ணாச்சி. எறிஞ்சாலும் எங்கயும் போகாது.”

கயிற்றுக்குக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.