பஸ்ஸர் சாமி கேட்ட தப்பு

தப்பு செய்தவனைத் தேடிப் போய் நன்றி சொன்ன ஆள் திருவனந்தபுரத்தில் ஒருவர்தான் இருந்தார். எங்கள் ஆபீஸ் பஸ்ஸர் சாமி. அப்பா அம்மா வைத்த பெயர் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் மட்டும் இருந்தது.

தொண்ணூறுகளில் எங்கள் கரமனைப் பக்கத்து வீடுகளில், மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழிந்த பிறகுதான் மோட்டார் ஓடுவதே ஞாபகம் வரும். சாமி அதற்கு மருந்து கண்டுபிடித்தார். தொட்டி நிரம்பினால் வீட்டுக்குள் கூவுகிற பஸ்ஸர். அதைச் செய்து விற்றிருந்தால் வம்பே இல்லை. ஒரு சின்ன சர்க்யூட் பலகை, நாலைந்து உதிரி, ஒரு விளக்கத் தாள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, வாங்குகிறவரே சோல்டர் ஈயத்தை உருக்கி வைத்துச் செய்துகொள்ள வேண்டும் என்றார்.

சாலைக் கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் நம்பி எடுத்தார். போன கவர்கள் போன வேகத்தில் திரும்பி வந்தன. "சாமி, இன்னும் ஒரு தடவை பார்க்கலாம். அதுவும் திரும்பி வந்தா பின்னே இங்கே கொண்டுவர வேண்டாம், கேட்டோ" என்று சொல்லிவிட்டார்.

சாமிக்கு லாபம் பெரிசில்லை. தான் வரைந்த பலகையை முகம் தெரியாத யாரோ ஒருவர் தன் கையாலேயே செய்து, அது அவர் வீட்டில் கூவ வேண்டும். அந்த ஆசையில், ஃபியூஸ் போடக்கூடத் தெரியாத பத்துப் பேரை ஆபீஸில் பொறுக்கி, ஆளுக்கு ஒரு கவர் கொடுத்தார். முதல் கவர் எனக்கு. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

"யார்கிட்டேயும் கேக்கப்படாது. எங்கே தப்பறதோ அதை எழுதிக் கொண்டாங்கோ. எனக்கு பஸ்ஸர் வேண்டாம், தப்பு மதி, அது போதும்" என்றார்.

மூன்று சாயங்காலம் முயன்றேன். விரலைச் சுட்டுக்கொண்டேன், சாப்பாட்டு மேஜையைச் சுட்டேன். பஸ்ஸர் மூச்சு விடவில்லை. சாமியின் முகம் வாடுமே என்று நினைத்து, தெருமுனை டிவி மெக்கானிக் மணியனிடம் கொடுத்தேன். பத்தே நிமிஷத்தில் கூவ வைத்துவிட்டான்.

திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். சாமி பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"இது யாரு பண்ணினது?"

"நான்தான் சார்."

"நீ டிராயரைத் திறந்தா கைப்பிடி கையோட வரும். சீடை உருட்டின மாதிரி ஒரே அளவுல சோல்டர் வச்சது நீயாக்கும்?"

அன்று காலை வந்து சேர்ந்த மற்ற ஒன்பதையும் மேஜையில் பரப்பினார். ஒன்பதிலும் அதே சீடை. ஒருவருக்கொருவர் தெரியாமல் பத்துப் பேரும் மணியனிடம் போயிருக்கிறோம்.

"ஒருத்தருக்காவது 'எனக்கு வரல்லே'ன்னு சொல்லத் தோணல்லையா?"

டெஸ்பாட்ச் சாரதாம்மாதான் மெல்ல வாயைத் திறந்தார். "சாமிக்கு சங்கடம் ஆகுமேன்னு..."

"சிநேகிச்சு சிநேகிச்சே என் பலகையைக் கொன்னுடுவேள் போல இருக்கே!"

மத்தியானம் என்னைப் பிடித்து உட்கார வைத்துப் புதுக் கவரைப் பிரித்தார். தன்னையறியாமல் உதவி செய்துவிடக் கூடாது என்று வாய் நிறைய வெற்றிலையை அடைத்துக்கொண்டார். நான் தாளைப் பார்த்து டிரான்சிஸ்டர் என்கிற குட்டி உதிரியைச் செருகியதும் "ம்ம்ம்!" என்று துடித்தார். நான் கவனிக்காதவன் போல ஒட்டி முடித்தேன். பஸ்ஸர் பேசவில்லை. சாமி ஜன்னலுக்கு ஓடித் துப்பிவிட்டு வந்தார்.

"ஏன் திருப்பி வச்சே?"

"தாள்ல இருக்கற மாதிரிதானே சார் வச்சேன்?"

சாமி தாளை வாங்கிப் பார்த்தார். டிரான்சிஸ்டரின் மூன்று காலையும் அவர் அடியிலிருந்து பார்த்து வரைந்திருந்தார். நாங்கள் மேலேயிருந்து பார்த்து வைத்திருக்கிறோம். விஷயம் தெரிந்த அவருக்கு அது உறைக்கவே இல்லை.

"தப்பு என்னோடதாக்கும்!" என்று கூவி, சூடான சோல்டரிங் அயர்னோடு சேர்த்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நன்றிடா!" ஆபீஸே பயந்து எழுந்து நின்றது.

புதுப் பலகையில் மூன்று துளைகளையும் முக்கோணமாக வைத்தார். தாளில் படத்தை மாற்றி வரைந்தார். கடைக்குக் கொடுத்தார். ஒரு மாதமாகியும் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. மனிதர் சந்தோஷப்பட வேண்டுமா இல்லையா? தூக்கம் கெட்டுப் போனார்.

"ஊர்ல இருக்கறவா எல்லாரும் ஒரு மணியன்கிட்டே போயிட்டாளோ?"

எனக்குப் பொறுக்கவில்லை. சாலைக் கடைக்குப் போய் ஒரு கவர் வாங்கினேன். வீட்டில் தனியாக உட்கார்ந்தேன். டிரான்சிஸ்டரை வேண்டுமென்றே திருப்பி வைத்துப் பார்த்தேன். கால்கள் துளைக்குள் போகவே மாட்டேன் என்றன. சரியாக வைத்ததும் இறங்கின. பேட்டரியை மாட்டி ஒயரைத் தண்ணீரில் விட்டேன். முதல் தடவையே கூவியது.

மறுநாள் அதைச் சாமியின் மேஜையில் வைத்தேன். பூதக்கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தார். ஒரு இடத்தில் சோல்டர் குவிந்திருந்தது, இன்னொரு இடத்தில் வழிந்திருந்தது, பலகையின் ஓரம் கருகியிருந்தது.

"இது நீ பண்ணினதுதான்" என்றார்.

அப்போது அந்த முகத்தில் வந்த சிரிப்புக்காக நான் இன்னும் நூறு தடவை விரலைச் சுட்டுக்கொள்வேன்.