நர்ஸம்மாவின் நாற்றுகள்

"இது நாத்தா, நூல்கண்டா?" என்று கேட்டாள் நர்ஸம்மா.

கட்டிலில் சாய்ந்திருந்தவளின் மூக்குக்கு நேரே தட்டை நீட்டிக்கொண்டிருந்தார் கணவர். தக்காளி நாற்றுகள் வெளிறி, நூலாக நீண்டு, ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடந்தன.

"நீ சொன்ன மாதிரி சமையலறை ஜன்னல்லதான் வச்சேன்."

"ஜன்னல்லயா, அலமாரிக்குள்ளயா? தினமும் தட்டைத் திருப்பி வைங்கன்னேனே."

"எந்தப் பக்கம்னு நீ சொல்லலையே."

ஓய்வு பெறும்வரை, ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவர்களின் போர்வையை உருவி, "எழுந்து நடங்க" என்று விரட்டியவள் அவள். வார்டில் அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே பாதிப் பேர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். இப்போது கொல்லைப் படியில் வழுக்கி அவளுக்கே கால் ஒடிந்து, எலும்பு கூடி, கட்டும் பிரித்தாயிற்று. நடக்காவிட்டால் மூட்டு இறுகிப்போகும் என்று டாக்டர் சொன்னார். அவளுக்குத் தெரியாததா? ஆனால் பாதம் தரையில் பட்டதும் அந்தப் படி கண்முன் வரும், உள்ளங்கை வியர்க்கும். "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று போர்வையை இழுத்துக்கொள்வாள். வாக்கர் துண்டு காயப்போடத்தான் பயன்பட்டது.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். பழைய ஜன்னல் சட்டங்களையும் பிளாஸ்டிக் தாளையும் சேர்த்துக் கொல்லைப்புறத்தில் ஒரு பசுமைக்குடில் கட்டியிருந்தார். விதையை வீட்டுக்குள் போடுவதா, குடிலில் போடுவதா என்பது இருவருக்கும் வருஷா வருஷம் நடக்கும் வழக்கு. சின்னஞ்சிறுசுகள் கண் பார்வையில் வளரவேண்டும் என்பது அவள் கட்சி. வெளிச்சத்தில் வளரட்டும் என்பது அவர் கட்சி.

"சரி, உங்க குடில்லயே வைங்க" என்று இந்தத் தடவை அவளே விட்டுக்கொடுத்தாள்.

சில நாள் கழித்து அறை வாசலில் வந்து தலையைச் சொறிந்தார். "கொஞ்சம் கருகின மாதிரி இருக்கு."

"கொண்டு வாங்க, பாக்கலாம்."

"தொட்டா உதிருதும்மா. ஹால் மேஜை வரைக்கும் கொண்டு வந்ததே பெரிய பாடு."

திட்டிக்கொண்டே வாக்கரில் கிடந்த துண்டை வீசிவிட்டு, வாக்கரைப் பிடித்துப் பிடித்து ஹாலுக்கு வந்தாள். இலைகள் அப்பளமாக நொறுங்கின.

"மத்தியானம் குடில் கதவைத் திறந்து விட்டீங்களா?"

"குளிர் உள்ள வந்துடுமேன்னு பூட்டி வச்சேன்."

"வளர்க்கச் சொன்னா அவிச்சு வச்சிருக்கீங்க."

அவர் அவளுக்குப் பின்னால் நாற்காலியை நகர்த்தினார்.

அடுத்த தட்டில் தண்டெல்லாம் அடியில் அழுகி மடிந்திருந்தது. அதைப் பார்க்கக் கொல்லைக் கதவு வரை போகவேண்டியிருந்தது.

"காயக் கூடாதுன்னு தண்ணி ஊத்தினேன்" என்றார்.

"செடிக்கு ஊத்தினீங்களா, மீன் வளர்த்தீங்களா? நீங்க உங்க லிஃப்டைப் பாருங்க. நான் வந்தாத்தான் ஆகும்."

வீராப்பாகச் சொல்லிவிட்டாள். எதிரே அந்தப் படி. வாக்கரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் கீழே இறங்கி நின்று கையை நீட்டினார்.

"இழுக்காதீங்க. சும்மா பிடிச்சுக்கோங்க."

"நான் இழுக்கலை. நீ வரும்போது வா."

வெகுநேரம் நின்றாள். பிறகு இறங்கினாள்.

குடிலுக்குள் இதமான சூடு. ஸ்டூலில் உட்கார்ந்து மண்ணைப் பிசைந்து, புது விதைகளைத் தூவி, மேலே மெல்லிசாக மண்ணைச் சலித்துப் போட்டாள். பல வாரங்களுக்குப் பிறகு முகத்தில் வெயில் பட்டது. மனசு லேசாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் திட்டினாள்.

"நான் படுத்தா இந்த வீட்டுல ஒரு செடி உயிரோட இருக்காது. இனிமே காலையிலயும் சாயந்திரமும் நானே வந்து பாத்துக்கறேன்."

"சரிம்மா" என்றவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பாவம், மனுஷனுக்கு அவமானமாகிவிட்டது போல என்று அவளுக்கு இரக்கம் வந்தது.

அப்போது வேலிக்கு வெளியே சைக்கிள் மணி அடித்தது. தெருமுனையில் செடி விற்பவர் எட்டிப்பார்த்துக் குரல் கொடுத்தார்:

"சார், நீங்க கேக்கிற மாதிரி வாடிப்போன நாத்து இன்னைக்கு ஒரு தட்டு கூட இல்லை. எல்லாம் நல்லாத்தான் இருக்கு, பரவாயில்லையா?"